ஊசியும் நூலும் துணையாக

2007 இல் எங்கள் வீட்டுக்கு அடுத்த லொட்ஜில், வெள்ளவத்தையில், விசாவுக்காகக் காத்திருந்த வன்னி அம்மா ஒருவர்தான் எனக்குப் பின்னல் பழக்கினார். கனடாவில் உள்ள பேரப்பிள்ளைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். கொழும்பு வெக்கையில் கம்பளி நூல் கையில் ஒட்டும். முந்தானையில் துடைத்துவிட்டுத் தொடர்வார். "பிழைச்சால் அவிழ்க்கலாம் பிள்ளை, நூல் பழுதாகாது" என்பார்.

சகோதரிகளே, இது கடினமான வேலையல்ல. ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னுக்கு விடுவது ஒன்று, பின்னிருந்து முன்னுக்கு விடுவது மற்றது. பெரும்பாலும் இவ்விரண்டுந்தான். 4 மி.மீ. ஊசியும் பருத்தி நூலும் தொடங்கப் போதும். நம் வெயிலுக்குப் பருத்தியே சுகம்.

நூல் நூற்பதிலும் அதே இன்பம் உண்டு. தக்ளியைச் சுழற்றிப் பஞ்சை மெல்ல இழுக்க முறுக்கேறும், அவசரப்பட்டால் அறும். 1927 நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி சேர்க்க யாழ்ப்பாணம் வரை வந்தார்.

2007 யூன் 7 அதிகாலை, கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300க்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதற்குள் அந்த அம்மா போய்விட்டார். கட்டிலில் கிடந்த தொப்பி என்னிடம் வந்தது, 80 கண்ணிகளும் ஊசியிலேயே. மீதியை நான் பின்னி முடித்தேன். என் கை இறுக்கம். எந்த வரிசையில் கை மாறியது என்று கூர்ந்து பார்த்தால் தெரியும்.