சீகரின் கூட்டம் திரையில் ஏன் சேர்ந்து பாடுவதில்லை?

1963 ஜூன் 8 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அமெரிக்கப் போராட்டப் பாடகர் பீட் சீகர் நடத்திய கச்சேரி இசைத்தட்டாகக் கிடைக்கிறது. பாட்டு சூடுபிடித்ததும் மேடையில் இருப்பவர் சற்றுப் பின்வாங்கிக்கொள்கிறார், அரங்கம் பாடத் தொடங்குகிறது. வரி தெரியாதவர்களுக்காக அடுத்த அடியைக் கொஞ்சம் முன்னதாகவே பேச்சுக் குரலில் எடுத்துக்கொடுப்பது சீகரின் வழக்கம். நம்மூர் பஜனையில் பாகவதர் ஓர் அடி சொல்ல, கூட்டம் அதை வாங்கிப் பாடுமே, கிட்டத்தட்ட அப்படித்தான்.

சீகர் இப்படிக் கூட்டத்தைப் பாடவைப்பவராக ஆனதில் அரசியலுக்கும் பங்கு உண்டு. 1955-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு அவருடைய இடதுசாரித் தொடர்புகளைப் பற்றிக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்தார். 1961-இல் சிறைத் தண்டனை விதித்தார்கள், மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆனாலும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் 1967 வரை அவரை உள்ளே விடவில்லை. கல்லூரிகள், பள்ளிகள், கோடை முகாம்கள் என்று அலைந்து பாடினார். ஒலிபரப்பு மறுக்கப்பட்ட பாடகருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களே ஒலிபெருக்கி. நம் பள்ளிக் குழந்தைகள் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ என்று பாடும் பாட்டின் ஆங்கில மூலத்தை உலகெங்கும் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர்.

சீகர் 2014-இல், 94 வயதில் மறைந்தார். 2020-இல் பெருந்தொற்று அரங்குகளைப் பூட்டியதும் போராட்டப் பாடகர்களுக்கான அஞ்சலிக் கச்சேரிகளும் திரைக்குள் போயின. ஆளுக்கொரு வீட்டிலிருந்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் பாடினார்கள். ஒவ்வொரு பாட்டும் தனித்தனியே நன்றாகவே இருக்கும். ஆனால் எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் வரும்போது பார்வையாளர்களின் மைக்குகள் எல்லாம் மியூட்டில் கிடக்கும். சீகருக்கு அஞ்சலி என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் வாயைக் கட்டுவது வேடிக்கைதான். அதற்குக் காரணம் ஏற்பாட்டாளர்களின் சோம்பல் அல்ல, இயற்பியல்.

காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி நொடி. மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் கிதார்காரரை நீங்கள் 9 மில்லி நொடி தாமதமாகவே கேட்கிறீர்கள், ஆனாலும் தாளம் கெடுவதில்லை. எவ்வளவு தாமதம் வரை தாங்கும்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் குழுவினர் இதைச் சோதித்தார்கள். இருவரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, ஒருவர் கைத்தட்டலை இன்னொருவர் ஹெட்போனில் கேட்டபடி சேர்ந்து தட்டச் சொன்னார்கள். நடுவே தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். 10 முதல் 20 மில்லி நொடி வரை வேகம் நிலையாக நின்றது. அதைத் தாண்டினால் தாளம் தளர்ந்துகொண்டே போனது. உங்கள் தட்டு எனக்குத் தாமதமாகக் கேட்கிறது, நீங்கள் வேகம் குறைத்துவிட்டதாக எண்ணி நானும் குறைக்கிறேன். என் தட்டு உங்களுக்கு இன்னும் தாமதமாக வருகிறது, நீங்களும் குறைக்கிறீர்கள். விநோதம் என்னவென்றால், தாமதம் 10 மில்லி நொடிக்கும் கீழே போனபோது இருவரும் வேகமெடுத்து ஓடினார்கள். அளவான தாமதம் நமக்குத் தேவைதான் போலும்.

இணையத்தில் என்ன ஆகிறது? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நேர்கோட்டில் ஏறக்குறைய 4,100 கிலோமீட்டர், ஒரு வழிக்கே 20 மில்லி நொடி. யாராலும் இதைக் குறைக்க முடியாது. மற்ற தாமதமெல்லாம் கருவிகள் சேர்ப்பது. உங்கள் குரலைக் கணினி துண்டு துண்டாக நறுக்குகிறது, ஒரு துண்டு பெரும்பாலும் 20 மில்லி நொடி நீளம். அது நிரம்பினால்தான் கிளம்பும். வழியில் சில துண்டுகள் முந்தும், சில பிந்தும். அதனால் மறுமுனையில் உள்ள கணினி கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டே ஒலிக்கவிடும். வயர்லெஸ் இயர்போன் என்றால் அது வேறு நூறு மில்லி நொடிக்கு மேல் தின்னும். தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு வழியில் 150 மில்லி நொடி வரை பிரச்சினையில்லை என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பாட்டுக்கு அது ஐம்பது மீட்டர் இடைவெளியில் நின்றுகொண்டு சேர்ந்து பாடுவதற்குச் சமம்.

இதற்கு மேல், வீடியோ சந்திப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. தொடர்ந்து ஒலிப்பதை இரைச்சல் என்று கருதி அமுக்கிவிடும், இருவர் ஒரே நேரத்தில் வாய்திறந்தால் ஒருவரைக் கீழே தள்ளும். சீகர் மீட்டும் பாஞ்சோ என்ற நரம்புக் கருவி அந்தக் கணக்கில் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்துவிடும்.

அப்படியென்றால் மாபெரும் திடல்களில் மக்கள் எப்படிச் சேர்ந்து பாடுகிறார்கள்? 2009 ஜனவரி 18 அன்று, ஒபாமா பதவியேற்பதற்கு இரண்டு நாள் முன்பு, வாஷிங்டனில் லிங்கன் நினைவகப் படிகளில் 89 வயது சீகர் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனோடு நின்று பாடினார். எதிரே இருக்கும் நீர்த்தடாகமே 600 மீட்டருக்கு மேல் நீளம், அதன் கோடிக்கு ஒலி போய்ச்சேரச் சுமார் 1.8 நொடி ஆகும். இவ்வளவு பெரிய திடலில் ஒலிப்பொறியாளர்கள் வழிநெடுக ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தி, தொலைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள், மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலியோடு சேரட்டும் என்று. கடைசி வரிசைக்காரர் முதல் வரிசையோடு ஒத்துப் பாடுவதே இல்லை. பக்கத்து நான்கைந்து பேரோடு ஒத்துப் பாடுகிறார், அது போதும்.

அந்த நான்கைந்து பேர் செய்யும் இன்னொரு உபகாரமும் உண்டு. ஒரே அளவில் பாடும் நூறு குரல்கள் சேர்ந்தால் ஒற்றைக் குரலைவிட ஒலிமட்டம் 20 டெசிபெல் கூடும். உங்கள் அபசுரம் அதில் மூழ்கிவிடும், கூச்சக்காரர்கள் வாய்திறப்பது அதனால்தான். மியூட்டில் போட்ட வீட்டறையில் அந்த மறைப்பு கிடையாது. முன்னணிப் பாடகரின் குரலுக்கு அடுத்தபடி உங்கள் குரல் மட்டும் அம்மணமாகக் கேட்கும்.

இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-இல் வேறு வழி பிடித்தார். 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் தனித்தனியே பாடிப் பதிவுசெய்து அனுப்பினார்கள், அவற்றை ஒட்டி ஒரே பாடற்குழு ஆக்கினார். கேட்க அழகுதான். ஆனால் முன்பே வகுத்த வேகத்துக்கு ஒவ்வொருவரும் அடங்கிப் பாடியது அது, யாரும் யாரையும் இழுக்கவில்லை. போராட்டப் பாட்டுக்கு இது பொருந்தாது என்பது என் எண்ணம்.

பெருந்தொற்றுக் காலத்தில் சில நிரலாளர்கள் கண்ட வழி எனக்கு அதிகம் பிடிக்கிறது. தாமதம் திரும்பி வரும்போதுதான் கெடுக்கிறது, ஒரே திசையில் போனால் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே எல்லோரையும் சங்கிலியாக நிறுத்தினார்கள். முதல் ஆள் பாடுகிறார். இரண்டாம் ஆள் சில நொடி கழித்து அதைக் கேட்டபடி பாடுகிறார், அவர் குரலும் சேர்கிறது. மூன்றாமவர் இருவரையும் கேட்கிறார். வரிசையின் கடைசி ஆளுக்கு மொத்தக் கூட்டமும் ஒரே தாளத்தில், குறையில்லாமல் கேட்கும். அவர் அரை நிமிடம் பின்தங்கியிருந்தால்கூட அவருக்கு அது தெரியாது.

ஆக, கூச்சக்காரர்களைக் கடைசியில் நிறுத்தினால் அவர்களுக்கு வேண்டிய மறைப்பு கிடைத்துவிடும். முதல் இடம்தான் சங்கடம், அங்கே நிற்பவருக்கு ஒரு குரலும் கேட்காது. அஞ்சலி நடத்துகிறவர்கள் அந்த இடத்துக்குப் பாட்டுக்குப் பாட்டு ஆளை மாற்றலாம். முந்திய பாட்டில் கடைசியில் நின்று கூச்சம் தெளிந்தவரையே அடுத்ததற்கு முன்னால் அனுப்பலாம்.