அருகில் நிற்கும் கைங்கர்யம்

சென்னைக்கு மேற்கே உள்ள பூவிருந்தவல்லி, இன்று பூந்தமல்லி என வழங்கப்படுகிறது. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த திருத்தலம் இது. நந்தவனம் அமைத்து, மலர் தொடுத்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தவர் நம்பிகள். பெருமாள் திருமுன் நின்று ஆலவட்டம் வீசுவது அவருடைய நித்திய கைங்கர்யம். ஸ்ரீராமானுஜரின் ஐயங்களுக்குப் பேரருளாளன் அருளிய ஆறு வார்த்தைகளைப் பெற்றுவந்து உரைக்கும் பேறு, அருகில் நின்று விசிறிய இந்த அடியவருக்கே கிடைத்தது என்கிறது குருபரம்பரை.

அதே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் இன்று அருகில் நின்று செய்யும் தொண்டு ஒன்று அமைதியாக நடந்து வருகிறது. மறதிநோய் கண்ட முதியவர்களை நீராட்டி, உணவூட்டி, உறங்கவைக்கும் செவிலிய உதவியாளர்களின் தொண்டு அது. ‘ஆயா’ என்றும் ‘அட்டெண்டர்’ என்றும் ஒற்றைச் சொல்லில் அழைக்கப்படும் இவர்களின் உழைப்பை அறிந்தவர்கள் குறைவு.

மறதிநோய் என்பது முதுமையின் சாதாரண மறதி அன்று. சாவியை வைத்த இடம் மறப்பது யாருக்கும் நேர்வது. சாவி எதற்கு என்பதே மறந்துபோவது நோய். மூளையின் செல்கள் படிப்படியாகச் சிதைவதால் இது வருகிறது. இதில் மிகுதியாகக் காணப்படும் வகையை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்தார். உலகெங்கும் 5.5 கோடிக்கும் மேற்பட்டோர் மறதிநோயால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

அம்பத்தூருக்கு அருகே, அண்ணா நகர் மேற்கு விரிவில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனநல நிறுவனம் இயங்குகிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் பத்மபூஷண் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் இதை நிறுவினார். மறதிநோயாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ‘டெம்கேர்ஸ்’ என்ற பெயரில் இந்நிறுவனம் சேவை புரிகிறது. இங்கிலாந்தில் உருவான அறிவுத்தூண்டல் பயிற்சியைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்ததும் இந்நிறுவனமே. வாரம் இருமுறை வீதம் 7 வாரங்கள், மொத்தம் 14 அமர்வுகள். சிறு குழுவாக அமர்ந்து இளமைக்காலம், உணவு, பாடல், நாட்டு நடப்பு, காசு எண்ணுதல் போன்றவற்றைக் கலந்து பேசுவார்கள். நோயை இது நீக்காது. எஞ்சியிருக்கும் அறிவையும் உற்சாகத்தையும் பேணும்.

பயிற்சி நேரம் போக, மீதி நாள் முழுவதும் முதியவரின் பக்கத்தில் இருப்பவர் உதவியாளரே. நல்ல உதவியாளர் பின்புறமிருந்து தொடமாட்டார். முன்னே வந்து, கண்ணோக்கி, தம் பெயரைச் சொல்லி, அதன் பின்னரே கையைப் பற்றுவார். “குளிக்க வாருங்கள் பாட்டி” என்றதும் மறுத்தால் வற்புறுத்துவதில்லை, சற்றுப் பொறுத்து, “கோயிலுக்குப் புறப்பட வேண்டாமா?” என்று வேறு வழியாக வருவார். உணவூட்டும்போது நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கிய பின்பே அடுத்த வாய் தருவார். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பார். திடீரெனக் குழப்பம் மிகுந்தால் சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கலாம் என்று செவிலியரிடம் சொல்வதும் அவர் கடமையே.

அந்தி சாயும் வேளைதான் கடினமானது. “வீட்டுக்குப் போகவேண்டும், அம்மா தேடுவாள்” என்று எண்பது வயது மூதாட்டி வாசலை நோக்கி நடப்பார். “உங்கள் அம்மா இறந்து நாற்பது வருஷமாயிற்று” என்றால், அந்த மரணம் அவருக்கு அக்கணத்தில் நேர்ந்ததாகிவிடும். அனுபவமுள்ளவர், “அம்மா என்ன சமைப்பார்கள்?” என்று கேட்டபடி உடன் நடந்து, பேச்சோடு பேச்சாக உள்ளே அழைத்து வருவார். “என் வளையலைத் திருடிவிட்டாய்” என்று பழி சுமத்தப்படுவதும் உண்டு. அது நோயின் சொல் என்று தெளிந்து, சினமின்றிச் சேர்ந்து தேடுபவரே இப்பணியில் நிலைப்பார். இன்று அன்பாகப் பார்த்துக்கொண்டவரை நாளை அம்மூதாட்டிக்குத் தெரியாது. நன்றி எதிர்பாராத தொண்டு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆவடிக்கு அடுத்த திருநின்றவூரில், பொருளில்லாத பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி, இறைவன் அந்த மனக்கோயிலில் எழுந்தருளினார். அங்கே ஹிருதயாலீஸ்வரரைத் தரிசிப்போர், மறதிநோயாளரின் உள்ளத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளின் பெயர் மறந்தவர், கந்தர் சஷ்டி கவசத்தை உடன் சொல்வதுண்டு. திருநீற்றைக் கண்டதும் நெற்றியைக் காட்டுவதுண்டு. நீண்ட காலம் பழகிய இசையும் துதியும் மற்ற நினைவுகளைவிட நெடுநாள் தங்கும். எனவே இல்லத்தில் சேர்க்கும்போது, அவர் விரும்பும் தெய்வம், பாடல், உணவு, அழைக்கும் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது பெரும் உதவி. தீபம் ஏற்றும் வழக்கமுள்ளவருக்கு, தீ விபத்துக்கு இடமின்றி மின்விளக்குத் தீபம் தரலாம்.

குடும்பத்தார் முன்கூட்டியே செய்யவேண்டியதும் உண்டு. உயில், வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் போன்றவற்றை நோயின் தொடக்கத்தில், மனம் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பவர் பத்திரம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. எழுதிக்கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் சாதாரண அதிகாரப் பத்திரம் சட்டப்படி செல்லாது.

பெற்றோரை இல்லத்தில் விட நேர்ந்த பிள்ளைகளைக் குற்ற உணர்வு வாட்டுவது இயல்பு. இரவு பகலாகக் கண்காணிக்க வேண்டிய நிலையில் பயிற்சி பெற்றவரின் துணையை நாடுவது பாவமாகாது. விட்டபின் போய்ப் பார்க்காதிருப்பதே குறை. போகும்போது, “நான் யார் தெரிகிறதா?” என்று சோதிக்க வேண்டாம். “நான் உங்கள் மகன் வந்திருக்கிறேன் அம்மா” என்று சொல்லி அருகில் அமர்ந்தால் போதும். உதவியாளரிடமும் “சாப்பிட்டாயா அம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவருக்கு உரிய ஊதியமும் வார ஓய்வும் கிடைக்கின்றனவா என்று விசாரிப்பதும் குடும்பத்தின் தர்மம்.

அடுத்த முறை பூந்தமல்லி வரதராஜப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அன்பர்கள், ஆலவட்டம் ஏந்திய நம்பிகளை வணங்கும்போது, முகம் தெரியாத இந்தக் கைங்கர்யக்காரர்களுக்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்ளலாம். நாளை நம் கையைப் பிடிக்கப்போவது அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.