இல்லற வன்முறையும் அதைத் தடுக்கும் வழிகளும்

ஒரு கிராமத்தில் எவரேனும் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால், அச்செய்தி அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் பரவி விடுகிறது. சுகாதார ஊழியர் வருகிறார், கிணற்றுக்கு மருந்திடப்படுகிறது, அண்டை வீட்டார் நீரைக் காய்ச்சிப் பருகத் தொடங்குகின்றனர். அதே தெருவில் ஒரு பெண் தன் கணவனால் அடிக்கப்படும்போது, அந்த ஓசையைக் கேட்டவர்கள் தத்தம் கதவைச் சாத்திக் கொள்கின்றனர். "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்னும் ஒரு சொல்லோடு ஊரின் பொறுப்பு முடிந்து விடுகிறது. நோயைத் தடுக்க முடியும் என்பதை மக்கள் அறிந்திருக்கின்றனர். இல்லத்தினுள் நிகழும் வன்முறையும் தடுக்கத்தக்கதே என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை.

பணியின் காரணமாக வீடுதோறும் செல்லும் செவிலியர், ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோரும், குழந்தைகளின் முகத்தை நாள்தோறும் காணும் ஆசிரியர்களும் இத்துறையில் செய்யக்கூடியது மிகுதி. ஆராய்ச்சிகளும் அநுபவமும் காட்டும் சில உண்மைகள் இங்கே தொகுத்துக் கூறப்படுகின்றன.

தீமையின் அளவு

2019 முதல் 2021 வரை நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 29 பேர் கணவரால் உடல் வழியாகவோ பாலியல் வழியாகவோ வன்முறைக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது நூற்றுக்கு 31ஆக இருந்தது. குறைவு ஏற்பட்டிருக்கிறது, ஆயினும் அது மிகச் சிறிது.

மாநிலங்களுக்கிடையே காணப்படும் வேற்றுமை ஆராயத்தக்கது. கர்நாடகத்தில் நூற்றுக்கு 44, பீகாரில் 40, தமிழ்நாட்டில் 38, கேரளத்தில் 10, இமாசலப் பிரதேசத்தில் 8 என்ற அளவில் பெண்கள் இக்கொடுமையைக் கூறியுள்ளனர். துன்பத்தை வெளியிட்டுச் சொல்லும் துணிவு இடத்துக்கு இடம் மாறுபடும். ஆகவே இவ்வெண்களைக் கொண்டு மாநிலங்களைத் தரம் பிரித்தல் பொருந்தாது. எனினும், அடிப்பது ஆணின் இயற்கை என்றும், அடிபடுவது பெண்ணின் தலைவிதி என்றும் கூறுவோருக்கு இவ்வெண்கள் தக்க விடையாகும். இயற்கையினால் நேர்வதாயின் அது எல்லையைக் கடந்தவுடன் இவ்வளவு மாறுபட வேண்டியதில்லை.

அதே கணக்கெடுப்பு வெளியிட்ட மற்றொரு செய்தி இதனினும் கவலை தருவது. உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களுள் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. நூற்றுக்கு 77 பேர் உதவியை நாடவுமில்லை. எவரிடமும் வாய் திறந்து சொல்லவுமில்லை. உதவி நாடியவர்களிலும் பெரும்பாலோர் சென்றது பிறந்த வீட்டுக்கே. போலீஸாரிடமோ மருத்துவரிடமோ சென்றவர்கள் மிகச் சிலர்.

காரணங்கள்

வன்முறைக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக் கூற இயலாது. பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கின்றன. அவற்றுள் மது முக்கியமானது. அடிக்கடி குடித்து வெறியேறும் கணவரை உடைய பெண்களுள் நூற்றுக்கு 70 பேரும், குடிப்பழக்கமே இல்லாத கணவரை உடையவர்களுள் நூற்றுக்கு 23 பேரும் வன்முறைக்கு உள்ளாகியிருக்கின்றனர். குடியை நிறுத்தினால் துன்பம் பெரிதும் குறையும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. குடிக்காத வீடுகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் இத்தீமை உள்ளது என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. எனவே மதுவை மட்டும் குற்றவாளியாக்கி அமைதி கொள்வதற்கில்லை.

ஆழ்ந்த காரணம் மனத்தில் வேரூன்றிய அபிப்பிராயமாகும். சொல்லாமல் வெளியே செல்லுதல், வீட்டையோ குழந்தைகளையோ கவனியாதிருத்தல், எதிர்த்துப் பேசுதல், சமையல் சரியாக அமையாமை, மாமனார் மாமியாரை மதியாதிருத்தல் முதலிய ஏழு காரணங்களைக் கூறி, இவற்றுள் எதற்கேனும் மனைவியை அடிப்பது நியாயமா என்று கணக்கெடுப்பாளர்கள் வினவினர். ஒரு காரணத்துக்கேனும் அடிக்கலாம் என்று ஆண்களுள் நூற்றுக்கு 44 பேரும், பெண்களுள் நூற்றுக்கு 45 பேரும் விடையளித்தனர். அடிபடுபவர்களே அடியை நியாயமெனக் கருதும் இடத்தில் முறையீடு எவ்வாறு எழும்? தந்தை தாயை அடிப்பதைக் கண்டு வளர்ந்த பெண்கள், தாம் மணந்த வீட்டிலும் அடிபடுவது மற்றவர்களைக் காட்டிலும் மிகுதி என்று இக்கணக்கெடுப்புக்கள் தொடர்ந்து காட்டி வந்திருக்கின்றன. வன்முறை பெரும்பாலும் கண்டு பழகிக் கற்கப்படுவது; கற்கப்படுவதை மாற்றிக் கற்பிக்கவும் கூடும்.

பள்ளியின் பங்கு

ஹரியானா மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் உள்ள 314 அரசாங்கப் பள்ளிகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 'பிரேக்த்ரூ' என்னும் தொண்டு நிறுவனம், அவற்றுள் ஒரு பகுதிப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலுள்ள மாணவ மாணவியருக்கு இரண்டரை ஆண்டுக் காலம் சிறுசிறு வகுப்புக்களை நடத்தியது. வீட்டு வேலையை யார் செய்வது, பெண் ஏன் மேலே படிக்கக் கூடாது, சினம் வரும்போது என்ன செய்வது என்பன போன்றவற்றை அவர்களே விவாதித்தனர். ஏனைய பள்ளிகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடப்பட்டன. 2022இல் வெளியான முடிவுகளின்படி, பெண்களைத் தாழ்த்தும் அபிப்பிராயங்களுள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மாறியிருந்தது. பயிற்சி முடிந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னும் அம்மாற்றம் நிலைத்திருந்தது. இச்சிறுவர்கள் வளர்ந்து அமைக்கும் குடும்பங்களில் வன்முறை குறையுமா என்பதை அச்சோதனை அளக்கவில்லை. ஆயினும், பதினான்கு வயதில் மனம் இறுகிப் போய்விடவில்லை என்பது உறுதியாயிற்று.

ஆசிரியர் இதற்கெனத் தனிப் பாடத்திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. வகுப்பறையைப் பெருக்குவதும் தண்ணீர் கொண்டு வருவதும் பெண் குழந்தைகளின் வேலை என்று விடாமல் முறை வைத்துப் பகிர்ந்தளிக்கலாம். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்பதைத் தவிர்க்கலாம். பிரம்பைக் கையிலெடுக்காத ஆசிரியர், அன்பும் அதிகாரமும் உள்ள ஒருவர் அடிக்காமலே ஒழுங்கை நிலைநாட்ட முடியும் என்பதைத் தம் நடத்தையினாலேயே கற்பிக்கிறார்.

குழந்தையின் நிலையையும் கவனித்தல் வேண்டும். நன்கு படித்த மாணவன் திடீரெனப் பின்தங்குவது, வகுப்பில் உறங்குவது, சிறு ஓசைக்கும் நடுங்குவது, தாயைத் தனியே விட அஞ்சிப் பள்ளிக்கு வராதிருப்பது ஆகியவை வீட்டிலுள்ள துன்பத்தின் அறிகுறிகளாக இருக்கக் கூடும். இளைய குழந்தைகளை அடிக்கும் பையனும் சில வேளை வீட்டில் கண்டதையே செய்கிறான்.

மருத்துவமனை காட்டிய வழி

மும்பையின் பாந்திரா பகுதியிலுள்ள நகராட்சிப் பொது மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டில் 'திலாசா' என்னும் ஆறுதல் நிலையம் தொடங்கப்பட்டது. மாநகராட்சியும் 'சேஹத்' என்னும் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து இதனை ஏற்படுத்தின. இதன் அடிப்படைக் கருத்து எளியது. போலீஸ் நிலையத்துக்குச் செல்லும் பெண்ணை ஊரே கவனிக்கிறது. மருத்துவமனைக்குச் செல்பவளை எவரும் ஐயுறுவதில்லை. "படியில் விழுந்து விட்டேன்" என்று சொல்லிக் காயத்துக்கு மருந்திட வருபவளைப் பரிவோடு விசாரிக்கச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பின்னர் இம்முறை மும்பையின் பிற மருத்துவமனைகளுக்கும் பரவிற்று. கேரளத்தில் 'பூமிகா' என்ற பெயரில் அரசாங்க மருத்துவமனைகளில் இத்தகைய நிலையங்கள் அமைந்தன.

முதலில் கேட்பவர் செய்ய வேண்டியவை

எவரிடமும் சொல்லாத பெண் முதன்முதலாக ஒருவரிடம் வாய் திறக்கும்போது, அவர் கூறும் மறுமொழியே அவள் மீண்டும் பேசுவாளா என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்கு வகுத்த முறையில் ஐந்து படிகள் உள்ளன: குறுக்கிடாமல் கேட்டல், தேவையை விசாரித்தல், அவள் கூற்றை நம்புவதாகத் தெரிவித்தல், பாதுகாப்பை ஆராய்தல், தொடர்ந்து துணை கிடைக்கச் செய்தல்.

முதலாவதாக, தனிமை இன்றியமையாதது. கணவரோ மாமியாரோ, பேச்சறிந்த குழந்தையோ அருகிலிருக்கையில் இதைப் பற்றிக் கேட்கலாகாது. "அம்மா, இப்படிக் காயத்தோடு வருகிறவர்களில் சிலருக்கு வீட்டிலேயே துன்பம் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். உங்களுக்கும் அப்படி ஏதேனும் உண்டா?" என்று மென்மையாகக் கேட்கலாம். இல்லையென்றால் வற்புறுத்தாமல், "எப்போது வேண்டுமானாலும் என்னிடம் சொல்லலாம்" என்று கூறி நிறுத்துவது முறை.

இரண்டாவதாக, "நீங்கள் என்ன செய்தீர்கள்?" "கொஞ்சம் பொறுத்துப் போகக் கூடாதா?" என்னும் சொற்கள் வாயினின்றும் வரலாகாது. அவை பழியை அவள் மீதே சுமத்துகின்றன. "இது உங்கள் குற்றம் அன்று" என்ற ஒரு வாக்கியம் பல அறிவுரைகளினும் பயனுடையது.

மூன்றாவதாக, நல்லெண்ணத்தினாலும் கணவரை நேரே அழைத்துக் கண்டித்தல் தகாது. பணியாளர் சென்ற பின் அந்தக் கண்டனத்துக்குரிய விலையை அவளே கொடுக்க நேரும். வன்முறை உள்ள இடத்தில் இருவரையும் ஒன்றாக அமர்த்திச் சமரசம் பேசுவதும் ஆபத்தானது. அவள் அங்கு உண்மையைக் கூற இயலாது.

நான்காவதாக, ஆபத்தின் அளவை அறிய வேண்டும். கழுத்தை நெரித்தல், கொன்று விடுவதாக மிரட்டுதல், ஆயுதம் காட்டுதல், கருவுற்றிருக்கையில் அடித்தல், வரவர அடி மிகுதல் ஆகியவை கடுமையான எச்சரிக்கைகள். பெண் வீட்டை விட்டுப் பிரியும் காலமே பெரும்பாலும் மிக அபாயமான காலம். ஆகையால் "உடனே வெளியேறு" என்று கட்டளையிடாமல், செல்லுமிடம், அவசரப் பணம், அடையாள அட்டை முதலிய ஆவணங்கள், நம்பத்தகுந்த ஓர் அண்டை வீடு ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிட உதவ வேண்டும். முடிவு அவளுடையது.

கேட்டதை ஊரில் பேசாதிருத்தல் அடிப்படைக் கடமை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் மட்டும் இதற்கு விலக்கு. அதை அறிந்தவர் எவராயினும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது.

சட்டத்தின் துணை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. அடித்தல் மட்டுமன்றி, பாலியல் கொடுமை, இழிசொல்லும் மனத்துன்பமும், பணத்தைப் பறித்தோ மறுத்தோ துன்புறுத்துதல் ஆகியவற்றையும் இச்சட்டம் வன்முறையெனக் கொள்கிறது. மனைவி, தாய், சகோதரி, மணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் ஆகியோர் இதன் பாதுகாப்பைப் பெறலாம். வீடு யார் பெயரில் இருப்பினும், அதில் தொடர்ந்து வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. மாஜிஸ்டிரேட் பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கலாம். அதை மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பாதிக்கப்பட்டவரே வர வேண்டுமென்பதில்லை. வன்முறை நிகழ்வதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர் மீது எவ்விதப் பொறுப்பும் சுமத்தப்படாது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன. 2015 முதல் அமைக்கப்பட்டு வரும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், சட்டம், தற்காலிகத் தங்குமிடம் ஆகிய உதவிகளை ஒரே இடத்தில் பெறலாம்.

நல்ல உறவின் அடையாளங்கள்

தீமையைச் சுட்டுவதோடு நன்மையின் உருவத்தையும் இளைஞர்களுக்குக் காட்ட வேண்டும். நல்ல இல்லறத்திலும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அங்கே ஒருவர் மற்றவரைக் கண்டு அஞ்சுவதில்லை. குடும்ப வருவாய் இருவருக்கும் தெரிந்திருக்கும். பிறந்த வீட்டாரையும் தோழியரையும் காண எவரும் அநுமதி கோரி நிற்பதில்லை. "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு. சினம் மூண்டால் சற்று விலகிச் சென்று, ஆறிய பின் பேசுவர். மண வயதை நெருங்கும் இளைஞர்க்கும் இளம் பெண்களுக்கும் சங்கக் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் இவற்றை விளக்கலாம்.

உதவி எண்களை அங்கன்வாடிச் சுவரிலும் பள்ளிப் பலகையிலும் எழுதி வைப்பதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. கையில் கட்டுடன் ஒரு தாய் அடுத்த முறை குழந்தையைத் தூக்கிக் கொண்டு வரும்போது, அவளைத் தனியே அமர்த்தி ஒரு கேள்வி கேட்பதற்குச் சில நிமிஷங்களே ஆகும். எவரிடமும் சொல்லாத அந்த 77 பேருள் அவளும் ஒருத்தியாக இருக்கலாம்.