‘டேங்க்’கும் ‘லேக்’கும்

“எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தது” என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், மாணவியருள் பலர் ‘லேக்’ என்றே எழுதுவர். ‘டேங்க்’ என்று எழுதக் கை கூசும். மாடித் தொட்டியும் போர்க்களத்துப் பீரங்கி வண்டியும் அல்லவா கண்முன் வருகின்றன! ஆயினும் இங்கே ‘டேங்க்’கே பொருத்தமான சொல்.

அது நம் நாட்டுக் குளங்களோடு பழகிய சொல். குஜராத்தியில் ‘டாங்கி’ என்றால் நீர்த்தொட்டி. போர்த்துகீசிய மொழியிலும் குளத்திற்கு இதே ஒலியுடைய சொல் உண்டு. எது எதற்குத் தாய் என்னும் வழக்கு அறிஞரிடையே தீரவில்லை. இந்தியா வந்த ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே நம் குளங்களை இப்பெயரால் அழைத்தனர். போர் வண்டிக்கு அப்பெயர் வந்தது முதல் உலகப் போரில்தான். 1916-இல் அது களமிறங்கும்வரை இரகசியம் காக்க, ‘தண்ணீர்த் தொட்டி செய்கிறோம்’ என்று சொல்லி வைத்தார்கள், அப்பெயரே நிலைத்துவிட்டது.

‘லேக்’ பெரும்பாலும் இயற்கை தந்த நீர்நிலை; விவிலியத்தில் வரும் கெனசரேத்து ஏரியைப்போல. கண்மாயோ மனிதர் உண்டாக்கியது. மழைநீரை மறிக்க ஒரு கரை, வயலுக்குத் திறக்க மடை, மிகுந்த நீர் வழியக் கலுங்கு. ஒன்றன் கலுங்கு நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. வைகை ஆறே இராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேருகிறது.

அப்படியானால் கொடைக்கானல் ‘லேக்’? அதுவும் 1863 வாக்கில் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடை நீரை மறித்து உண்டாக்கியதே! படகு விட்டால் ‘லேக்’, நெல் விளைந்தால் ‘டேங்க்’ என்று துரைமார் பிரித்துக்கொண்டார்கள் போலும்.

சொல் மாறினால் என்ன என்று கேட்கலாம். ‘லேக்’ என்றதும் எந்நாளும் நீர் நிற்கவேண்டும் என்று எண்ணிவிடுகிறோம். கண்மாய் கோடையில் வறளும், ஆடுமாடு மேயும், வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்கள். வறண்டாலும் அது கண்மாயே. அதை அறியாதவர் வெற்று நிலமென்று மனை பிரிக்கிறார். ஐப்பசியில் நீர் தன் இடத்தைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. தல்லாகுளம் என்றால் இன்று நமக்கு மாநகராட்சி அலுவலகம். உலகனேரி என்றால் 2004-இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை. அப்பெயர்களிலுள்ள குளமும் ஏரியும் யார் நினைவுக்கு வருகின்றன?

இன்னொன்று. கண்மாய் வயலுக்கு, தெப்பக்குளம் கோயிலுக்கு, ஊருணி குடிநீருக்கு. ஆங்கிலத்தில் மூன்றும் ‘டேங்க்’தான். ஆகவே ‘இரிகேஷன் டேங்க்’, ‘டெம்பிள் டேங்க்’ என்று பிரித்து எழுதுங்கள். ஊருணியை மட்டும் ‘ட்ரிங்கிங் வாட்டர் டேங்க்’ என்றால் மாடிக்கு ஏறிவிடும்; அதை ‘ஊருணி’ என்றே எழுதிவிடலாம்.