ஒரு பொத்தானுக்குள் இத்தனை கூத்தா?

விசையைத் தட்டினால் எழுத்து விழ வேண்டும். இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் போதும். வாசலில் இருக்கும் அழைப்பு மணிப் பொத்தான் செய்கிற அதே வேலைதான்! ஆனால் சில கணினி விசைப்பலகைகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே காந்தம் இருக்கிறது. துள்ளும் தகடு இருக்கிறது. வளையும் ஸ்பிரிங் இருக்கிறது. எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?

துள்ளும் உலோகம்

காரணம் உண்டு. உலோகம் உலோகத்தில் மோதினால், தரையில் விழுந்த பந்து போலத் துள்ளும். கண் இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை தொட்டு விலகும். கணினி அதை இரண்டு தட்டு என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? கணக்கர் தட்டிய 5 ரூபாய், 55 ரூபாய் ஆகிவிடும்!

தொட்டால்தானே வம்பு? 1960-களின் கடைசியில், ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிட்ச் பிரிவு தொடாத விசையையே செய்துவிட்டது. விசையோடு ஒரு காந்தம் இறங்கும். அருகில் உள்ள சிலிக்கன் சில்லு அதை உணரும். 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த தத்துவம் இது. விசைக்கு ஒரு சில்லு என்றால் செலவு சும்மாவா?

விரல் கேட்கும் கேள்வி

இன்னொரு சிக்கல், விரலுக்கு! "எழுத்து விழுந்ததா?" என்று அது கேட்கிறது. டைப்ரைட்டரில் பழகியவர்களுக்குச் சத்தமே பதில். 1970-களில் ஐ.பி.எம். நிறுவனம் விசைகளுக்குள் வளைந்த தகட்டு ஸ்பிரிங்கை வைத்தது. அழுத்தினால் 'டக்'கென்று துள்ளும். அதுவும் போதாதென்று, பெட்டிக்குள் மின்காந்தச் சுத்தி ஒன்று! ஒவ்வொரு தட்டுக்கும் 'டொக்' என்று அடிப்பது மட்டுமே அதன் உத்தியோகம்.

வளைந்த ஸ்பிரிங்

இந்தக் கூத்தைச் சுருக்கியவர் அதே நிறுவனத்தின் ரிச்சர்ட் ஹாரிஸ். சாதாரண ஸ்பிரிங்கை மேலிருந்து அழுத்தினால், ஓரளவு தாங்கும். பிறகு சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும். வளைவது சுவரில் இடித்துச் சத்தம் போடும். அதே கணத்தில் அடியிலுள்ள சிறு நெம்பைச் சாய்த்து எழுத்தைப் பதியும். சத்தமும் பதிவும் ஒன்றே. விரலை ஏமாற்ற வழியில்லை! 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்தது இந்த ஸ்பிரிங்தான்.

பின்னர் மலிவான ரப்பர் விசைகள் உலகை நிரப்பின. ஆனாலும் அமெரிக்காவின் கென்டக்கியில் வளையும் ஸ்பிரிங் விசைப்பலகைகள் இன்றும் தயாராகின்றன. கணினி விளையாட்டுக்காரர்களோ காந்த விசையை மறுபடி தேடி வாங்குகிறார்கள்.

மலிவு பைக்குப் பிடிக்கும். விரலுக்கோ பதில் வேண்டும்!