கறையான் வந்துபோன வீடு: வாங்கலாமா?

பழைய வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் முதலில் குனிந்து பாருங்கள். குளியலறைக் கதவின் நிலைக்கால் தரையைத் தொடுகிற இடத்தைச் சாவி முனையால் அழுத்துங்கள். உறவினர் ஒருவருக்காக நான் பார்க்கப் போன வீட்டில், பளபளவென்றிருந்த நிலைக்காலுக்குள் சாவி அரை விரல் ஆழம் இறங்கியது. உள்ளே மரம் இல்லை, காய்ந்த மண்தான். "அது எப்பவோ வந்ததுங்க, மருந்து அடிச்சாச்சு" என்றார் வீட்டுக்காரர்.

இருக்கலாம். கறையான் வந்துபோனது என்பதற்காகவே நல்ல வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. அது போய்விட்டதா என்பதுதான் கேள்வி. சுவரில் ஏறும் மண்கோட்டை நடுவில் இரண்டு அங்குலம் சுரண்டிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி பூசியிருந்தால் உயிரோடு இருக்கிறது. பூசாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், வழியை மாற்றியிருக்கலாம். பரண், அலமாரியின் பின்பக்கம், ஜன்னலோரம் உதிர்ந்த ஈசல் இறகுகள், எல்லாவற்றையும் பாருங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யாத வீட்டில் ஈரத்தைத் தேடி அது திரும்பி வரும்.

மருந்து அடித்ததற்கும் தடயம் உண்டு. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறக்குறைய அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, மருந்து செலுத்தி அடைத்திருப்பார்கள். கட்டி முடித்த வீட்டுக்கான முறையை ஐ.எஸ். 6313 தரநிலையின் மூன்றாம் பகுதி சொல்கிறது. ரசீதையும் உத்தரவாத அட்டையையும் கேளுங்கள். மரக்கட்டைகள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், சிவில் இன்ஜினியர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. நிலைக்காலை மாற்றிவிடலாம், கூரையை அப்படி மாற்ற முடியாது.

சட்டம் உங்களுக்கு ஓரளவுதான் துணை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவின்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது மோசடி. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்த மண்கோட்டைப் பார்க்காதது உங்கள் தவறாகிவிடும். விற்பவருக்குத் தெரியும் என்று சிவில் நீதிமன்றத்தில் நிரூபிப்பதும் உங்கள் பொறுப்பு. எனவே கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். பில்டரிடம் வாங்கிய, ரெரா சட்டத்துக்கு உட்பட்ட புது வீடு என்றால் வழி சுலபம். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து சொன்னால், 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

கிரய ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" என்ற வரி இருந்தால், கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் காட்டுங்கள். உங்கள் பிடியைத் தளர்த்துகிற வரி அது. என் உறவினர் அதை எடுக்கச் சொன்னார். குளியலறை ஒழுகலை அடைப்பது, இரண்டு நிலைக்கால் மாற்றுவது, உரிமம் பெற்ற ஆட்களை வைத்து மருந்து செலுத்துவது ஆகிய மூன்றும் விற்பவர் செலவு என்று எழுதி வாங்கினார். பத்திரப்பதிவு அதன் பிறகுதான்.