அகல்பட்டை ஆக்சிசன் உணரி

அகல்பட்டை ஆக்சிசன் உணரி என்பது தானுந்தின் புகைக் குழாயில் பொருத்தப்பட்டு, கழிவு வளிமத்தைக் கொண்டு பொறியின் காற்று-எரிபொருள் விகிதத்தை அளவிடும் கருவி ஆகும். இது லாம்டா உணரிகளுள் ஒரு வகை. லாம்டா 1 என்பது எரிபொருள் முழுதும் எரியத் தேவையான சரியான காற்றளவைக் குறிக்கும். அதற்குக் கூடினால் எரிபொருள் குறைந்த கலவை. குறைந்தால் எரிபொருள் மிகுந்த கலவை.

பயன்பாடு

கோயம்புத்தூரைச் சேர்ந்த எசு. கரிவரதன் மாருதி 800 பொறியைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயத் தானுந்தை உருவாக்கினார். அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடம் செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்டது. கார்புரேட்டர் காலத்தில் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் கொண்டே கலவையை மதிப்பிடுவர்: கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு. முழு வேகத்தில் எரிபொருள் குறைந்தால் பொறியில் தட்டல் ஏற்பட்டு உந்துதண்டு உருகவும் கூடும். ஓடும்போதே இதனை எண்ணாகக் காட்டுவதே இவ்வுணரியின் பயன்.

செயற்படும் முறை

பாஷ் நிறுவனத்தின் லாம்டா உணரி 1976-இல் வால்வோ தானுந்துகளில் அறிமுகமானது. அத்தகைய குறுகிய பட்டை உணரி, கலவை லாம்டா 1-க்கு மேலா கீழா என்பதை மட்டுமே தெளிவாகக் காட்டும். அகல்பட்டை உணரியில் சிர்க்கோனியாவால் ஆன இரு கலங்கள் உள்ளன. ஒன்று சிற்றறையிலுள்ள ஆக்சிசனை உணரும். மற்றொன்று அவ்வறையை லாம்டா 1 நிலையில் வைக்க ஆக்சிசனை உள்ளோ வெளியோ செலுத்தும். இதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தின் அளவும் திசையுமே விகிதத்தைத் தருகின்றன.

பொருத்தும் முறை

* வினையூக்கி மாற்றிக்கு முன்னுள்ள குழாயில் துளையிட்டு, 18 மி.மீ. மரை கொண்ட வளையத்தைப் பற்றவைத்து அதில் உணரியைத் திருக வேண்டும்.
* உணரி கிடைமட்டத்திற்கு மேல் குறைந்தது 10 பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும். இல்லையேல் குழாயில் குளிர்ந்து படியும் நீர் சூடான செராமிக்கை வெடிக்கச் செய்யும்.
* பொறி இயங்கத் தொடங்கிய பின்னரே சூடேற்றி முழுமையாக இயங்க வேண்டும். சூடேற்றி இயங்காமல் பொறியை ஓட்டினால் உணரியில் கரி படியும்.
* உணரிக்கு முன் குழாயில் கசிவு இருத்தல் கூடாது. கசிவின் வழியே புகும் வெளிக்காற்றால், சரியான கலவையும் எரிபொருள் குறைந்ததாகத் தோன்றும்.

எரிபொருளின் தாக்கம்

ஈயம் கலந்த பெட்ரோல் உணரியைப் பழுதாக்கும். இந்தியாவில் அதன் விற்பனை 2000-ஆம் ஆண்டில் முடிவுற்றது. எத்தனால் கலப்போ அளவீட்டைப் படிக்கும் முறையைப் பாதிக்கிறது. தூய பெட்ரோலுக்கு லாம்டா 1 என்பது 14.7:1 விகிதம், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5:1. பெட்ரோலுக்கென அமைந்த காட்டி, இரண்டாவதன் சரியான கலவையையும் 14.7 என்றே காட்டும். ஆகவே, எரிபொருள் மாறினாலும் பொருள் மாறாத லாம்டா மதிப்பைக் கொண்டு பொறியைச் சீரமைப்பதே பொருத்தமானது.